மூன்றுக்கு இரண்டு

வோபர்ன்,
கார்த்திகை 16, 2025

அன்புள்ள மகள் நிலாணிக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். எட்மன்டனில் நீயும் மருமகனும் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். அப்பாவுக்குப் போன கிழமை வலது கண்ணில் ஒப்பரேஷன் நடந்தது, நான்கு நேரமும் சொட்டு மருந்து விடுகிறேன், குனிந்து சப்பாத்துக் கட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கிறார் இல்லை. உன் தங்கை கௌசிக்குத் தை மாதம் பிள்ளை பிறக்க இருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ அழத் தொடங்குவாய், நான் உடனே சரி விடு என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுடைய ஏரிக்கரைக் கல்லூரிகள் விளையாட்டுச் சங்கத்தில் விளையாடிய பிள்ளைகள் வருகிற சித்திரையில் ஒன்றுகூடப் போகிறார்கள். கூடைப்பந்து விளையாடிய பிரவீனன்தான் ஒழுங்குசெய்கிறான். அன்ரி, நீங்கள்தான் சங்கத்தின்ர கதையை எழுதித் தரவேணும், வேற ஆருக்கும் முழுக்கத் தெரியாது என்று வந்து நின்றான். நானும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். நீ அந்தச் சங்கத்துக்குள்ளேயே வளர்ந்தவள், ஆனால் அது தொடங்கிய நாள் உனக்குத் தெரியாது, அப்போது உனக்கு இரண்டு வயது. பெரிய கல்லூரிகளின் லீக்கில் இடம் கிடைக்காத, இரண்டு வருடப் படிப்பு மட்டும் உள்ள சின்னக் கல்லூரிகள் ஆறு சேர்ந்து 1991இல் தொடங்கினார்கள். நான் எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை, யாழ்ப்பாணத்தில் கரப்பந்து விளையாடியவள் என்று தெரிந்து கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் ஆண்களின் கூடைப்பந்தும் ஹொக்கியும் போதும் என்று முடிவெடுக்கப் பார்த்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் ரெக்ஸ்டேல் கல்லூரியிலிருந்து வந்த எமில்டா அன்ரி. அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, பெண்பிள்ளைகளுக்குக் கரப்பந்தும் சேர்த்தால்தான் மிச்சத்தை எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். அரை மணித்தியாலம் வாதாடிப் பார்த்தார்கள். பிறகு சேர்த்தார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் பழக்கம். இருபத்தைந்து வருடம் அவர் பயிற்றுவித்த பிள்ளைகளும் நான் பயிற்றுவித்த பிள்ளைகளும் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று அடித்தார்கள், நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து ஒரே பிளாஸ்கில் தேநீர் குடித்தோம். பெல்வில் போகிற வழியில் பனியில் வான் நின்றுபோய், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு இறாத்தல் பாணைப் பிய்த்துக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறேன், அதில் ஒரு துண்டு உன் வாயில் இருந்தது.

சங்கம் முடிந்த கதையை எழுதத்தான் பேனை ஓடவில்லை. 2016 வைகாசியில் ஐந்து கல்லூரிகள்தான் மிஞ்சியிருந்தன. மூடுவதா நடத்துவதா என்று ஒஷாவாவில் வாக்கெடுப்பு. என்னைப்போலப் பயிற்சியாளராக மட்டும் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை, கல்லூரிக்கு ஒரு விளையாட்டு இணைப்பாளருக்குத்தான். ரெக்ஸ்டேலில் இரண்டு வேலையும் எமில்டா அன்ரிதான், எங்கள் கல்லூரியின் இணைப்பாளர் நீ, அதனால் நீ போனாய். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்று நீ சொன்னது ஒரு சொல் குறையாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூண்டுக்கு இரண்டம்மா, மூடச் சொல்லிப் போட்டாங்கள், நான் வேண்டாமெண்டுதான் போட்டனான், எமில்டா அன்ரிதான் மாறிப் போட்டவா என்றாய். நான் நம்பினேன். என் பிள்ளை சொல்லி நான் நம்பாமல் யார் சொல்லி நம்புவேன். அந்தக் கிழமை எமில்டா அன்ரி நான்கு தரம் போன் எடுத்தார், நான் தூக்கவில்லை. அடுத்த வருடம் யூனியன்வில் கலியாண வீட்டில் என்னைக் கண்டு எழும்பி வந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பாவின் மற்றப் பக்கம் போய் இருந்தேன். அவருடைய கணவர் இறந்தபோதும் நான் போகவில்லை, அப்பா மட்டும் போய் வந்தார். அந்தக் கிழமை நீ எட்மன்டனிலிருந்து போன் எடுத்து, என்னம்மா சமையல் என்று கேட்டாய். செத்தவீட்டுக்கு நான் போகமாட்டேன் என்று உனக்குச் சொன்னேன். உங்கட விருப்பம் அம்மா என்று சொன்னாய்.

சங்கத்தின் பழைய தலைவர் வீட்டு நிலவறையில் இருந்த கடதாசிப் பெட்டியைப் பிரவீனன் போன சனிக்கிழமை கொண்டுவந்து தந்தான். அதற்குள் அந்த வாக்கெடுப்பின் குறிப்பு இருந்தது. எந்தக் கல்லூரி எப்படி வாக்களித்தது என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. மூடவேண்டும் என்று பிரேரித்தது எங்கள் கல்லூரி, நீ. வேண்டாம் என்று முதலில் கையுயர்த்தியது ரெக்ஸ்டேல், எமில்டா அன்ரி. மூன்று தரம் வாசித்தேன். அப்பாவுக்குக் கண் தெளிவில்லாதபடியால் நானே வாசித்துக் காட்டினேன். பிள்ளை அப்ப பயந்திருக்கும் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நீ பயந்தாய், சரி. ஒன்பது வருடமுமா பயந்தாய்?

திங்கட்கிழமை பஸ்ஸும் ரயிலும் மாறி ரெக்ஸ்டேலுக்குப் போனேன். ஒரு முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்த எமில்டா அன்ரி ஊன்றுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாரும் மலர், சப்பாத்தைக் கழட்டாதையும், நிலம் குளிர் என்றார். நான் கடதாசியை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. உது எனக்குத் தெரியும், நான்தானே எழுதினனான் என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலு தரம் எடுத்தனான், நீர் தூக்கேல்லை, பிறகு யோசிச்சன், தூக்கியிருந்தாலும் என்னத்தைச் சொல்லுறது, உம்மட பிள்ளையை உமக்கு நான் காட்டிக் குடுக்கிறதோ என்றார். கடதாசியை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதெல்லாம் பரவாயில்லை மலர், என்ர மனுசன்ர செத்தவீட்டண்டைக்கு மட்டும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தனான் என்றார். இதை ஒளிக்கச் சொல்லி நிலாணி உங்களிடம் கேட்டாளா என்றேன். கேக்கேல்லை, ஒருநாளும் போன் எடுக்கேல்லை, அதுதான் எனக்கும் கவலை என்றார்.

நீ அன்றைக்குக் கூட்டத்தில் சொன்ன காரணங்களும் அந்தக் குறிப்பில் இருக்கின்றன. போர்ட் ஹோப்புக்குக் கிட்ட எங்கள் வான் சறுக்கி மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனது, பாரி கல்லூரி ஆறு பேர் சேர்க்க முடியாமல் ஐந்து பேருடன் விளையாட வந்தது, எங்கட பெருமைக்காகப் பிள்ளைகள் கஷ்டப்படக்கூடாது என்று நீ சொன்னது. அதில் பிழை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், ஒரு கிழமை உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பசிக்குதோ என்று கேட்டிருப்பேன். உனக்கு அந்த ஒரு கிழமை பெரிதாகப் போய்விட்டது. என் கோபம் உன் மேல் வராமல் இருக்க, வெறுக்க இன்னொருத்தியைக் காட்டிவிட்டாய். நானும் கண்ணை மூடிக்கொண்டு வெறுத்தேன். அதில் என் பங்கும் உண்டு, ஒரு போனைத் தூக்கியிருக்கலாம்.

மூண்டுக்கு இரண்டு எண்டு மட்டும் எழுதிவிடும், பெயர் வேண்டாம் என்று எமில்டா அன்ரி சொன்னார். என்னால் முடியவில்லை. சித்திரையில் வருகிற பாதிப் பேர் இன்றைக்கும் அவர்தான் மூடினவர் என்று நினைக்கிறார்கள், அப்படிச் சொல்லித் திரிந்தது நான். யார் பிரேரித்தது, யார் எதிர்த்தது எல்லாம் எழுதிவிட்டேன். உன்னுடைய காரணங்களையும் ஒன்றும் விடாமல் உன் சொல்லிலேயே எழுதியிருக்கிறேன், உன் பக்கத்து நியாயம் தெரியாமல் போகக்கூடாது. தைப்பொங்கலுக்குப் பிறகு அச்சுக்குப் போகும். அந்தப் பக்கத்தின் பிரதி இதற்குள் வைத்திருக்கிறேன், நான் எழுதியதில் பிழை இருந்தால் எழுது, திருத்துகிறேன். பெயரை எடுக்கச் சொல்லாதே.

அங்கே றோட்டெல்லாம் ஐஸ் என்று செய்தியில் பார்த்தேன், காரை மெதுவாக ஓட்டு, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீயும் மருமகனும் நீண்ட காலம் ஒற்றுமையாக, ஒருவருக்கொருவர் ஒளிக்க ஒன்றுமில்லாமல் வாழவேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன். மறக்கக்கூடாத ஒன்று. மார்கழி ஒன்பதாம் திகதி எமில்டா அன்ரிக்கு மற்ற முழங்காலிலும் ஒப்பரேஷன். அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முதல் நீயாக அவருக்கு எடு. அவரோடு பேசி முடித்த பிறகு எனக்கு எடு. எத்தனை மணி என்றாலும் நான் தூக்குவேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற உன் அம்மா,
ஜெயமலர்