இருபது நிமிடத்தில் ஆயிரம் வருஷ சங்கீதம்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். முழங்காலில் புத்தூர்க் கட்டு, பச்சிலை நாற்றம். போன மாதம் மாப்பிள்ளை ஊர்வலத்தில் கிளாரினெட் ஊதிக்கொண்டே குழியில் இறங்கியதன் பலன். கட்டுப் போட்டவர் சொன்னது: "நடக்கக் கூடாது. ஊதறது உன் இஷ்டம்." பேண்டுக்காரன் நடக்காமல் எங்கே ஊதுவது?

மதியம் திருப்பதியிலிருந்து போன். ஒரு தனியார் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ். மியூசிக் சார் வேலை, உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் வெள்ளிக்கிழமை டெமோ கிளாஸ் எடுக்க வேண்டும். தலைப்பு: மேற்கத்திய செவ்வியல் இசை, ஆரம்பத்திலிருந்து இன்று வரை. இருபது நிமிடம். "தெலுசு கதா?" என்றார், தெரியும்தானே என்று. "தெலுசு மேடம்" என்றுவிட்டேன். இருபத்தாறு வருஷமாக ஊதுகிறேன், இந்த வாத்தியம் எந்த ஊரில் பிறந்தது என்றுகூடத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம். செல்போனில் ஒரு வீடியோ. கோட்டுப் போட்ட பெரியவர் இங்கிலீஷில் விளக்குகிறார், கீழே தமிழ் எழுத்து தானாக ஓடுகிறது. "நடத்துநர் குச்சியுடன் மேடை ஏறினார்." "பிரபுக்கள் வீட்டில் அறை இசையை விரும்பினர்."

மல்லிகா, என் வீட்டுக்காரி, பவர்லூமை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கண்டக்டரு எதுக்குக் குச்சி ஆட்டிக்கினு கீறாரு?"

"தாளம் காட்றாரு."

"அறை இசைன்னா? யாரு யார அறையறது?"

"ரூம்புல வாசிக்கிறதுடி."

"அத நேரா எழுதனா இன்னா?"

நியாயமான கேள்வி. எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பாட்டுத் துண்டுகளை மட்டும் கேட்டேன். அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

ஜூலை 9, புதன்

தூறல். தேறிய குறிப்புகள்:

– ஆயிரம் வருஷம் முன்னால்: சர்ச். எல்லாரும் ஒரே மெட்டு, பஜனை மாதிரி. மறந்துபோகிறது என்று பாட்டு வரிக்கு மேல் சின்னச் சின்னக் கோடும் புள்ளியும் வைத்தார்கள். அதுதான் நொட்டேஷன் ஆனது.

– பிறகு இரண்டு குரல், மூன்று, நான்கு. ஆளுக்கொரு மெட்டு, ஒரே நேரத்தில். மந்திரமே காதில் விழவில்லை என்று சாமியார்கள் கோபித்துக்கொண்டார்களாம். (மல்லிகாவின் அக்கா தங்கைகள் நால்வரும் வந்த பொங்கல் மாதிரி.)

– அரண்மனை. வித்வானுக்குச் சீருடை, சமையல்காரனோடு சேர்ந்து சாப்பாடு. எங்களுக்கு இன்றைக்கும் அதே கடைசிப் பந்தி.

– கிளாரினெட்: முந்நூறு வருஷம்தான் ஆகிறது. ஜெர்மனி. அப்பாடா.

– பியானோ வந்தது. விரலால் அழுத்துவதைப் பொறுத்து மெதுவாகவும் ஒலிக்கும், சத்தமாகவும் ஒலிக்கும்.

– அப்புறம் நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் கோஷ்டி. எல்லாரும் உட்கார்ந்து. (உட்கார்ந்து: அடிக்கோடு.)

– போன நூற்றாண்டு: ஆதார சுருதியே வேண்டாம் என்று சிலர். ஒரு துண்டு ஊதிப் பார்த்தேன். மல்லிகா உள்ளேயிருந்து: "தண்ணி பூந்துச்சா அதுல?"

ஜூலை 11, வெள்ளி

ஆறு மணி பஸ். நீட்டிய காலோடு இரண்டு சீட். இஸ்திரி போட்ட சட்டை, ரேணிகுண்டா தாண்டுவதற்குள் கசங்கல்.

ஏழாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், நாற்பது பேரும் உதட்டில் விரல். ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி பெஞ்சில், கையில் நோட்டு. வணக்கம் சொல்லி, கிளாரினெட்டை வாயில் வைத்தேன். அவ்வளவு அமைதி. ஃபேன் சுற்றுவது கேட்கிறது. ஊதினேன். "கீய்ங்" என்று ஒரு சத்தம், அதோடு மூச்சு நின்றது. மறுபடி ஊதினேன். மறுபடி கீய்ங். வேர்த்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் என் எதிரே யாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

பொய் சொல்லத் தோன்றவில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து, "எனக்குப் பயமா இருக்குது. கொஞ்சம் பேசுங்க" என்றேன். பிள்ளைகள் திரும்பி ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பாடம்தான் மேடம்" என்றேன். "இருநூத்தம்பது வருஷம் முன்ன அங்க பெரிய அரங்கத்துல பாட்டு நடக்கும்போதே சனங்க துன்னுகினு, சீட்டு ஆடிகினு, கத பேசிகினு இருந்தாங்க. வாய மூடிக் கேக்கறது அப்புறம் வந்த பழக்கம்."

பிறகு அதுவே வழி காட்டியது. முதலில் எல்லாரும் ஒரே மெட்டில் "ஆ". ஹெட்மிஸ்ட்ரஸும். அடுத்து வகுப்பை இரண்டாகப் பிரித்தேன், பிறகு நான்காக. பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்து பார்த்தார். அரண்மனைக் காலம் வந்ததும் டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னேன். லெமன் ரைஸ், உப்புமா, பேச்சு, சிரிப்பு. எனக்கு மூச்சு வந்தது. பிசிறில்லாமல் ஊதினேன். வாசித்தபடியே வரிசை வரிசையாகக் கண் காட்டினேன், டப்பாக்கள் மூடின. கடைசி டப்பா மூடியபோது மெதுவான மெட்டில் இருந்தேன், அந்த அமைதியில் கீய்ங் வரவில்லை. போன நூற்றாண்டுக்கு வருவதற்குள் பெல் அடித்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து முன்னால் வந்தார். தரையில் கிடந்த சோற்றுப் பருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 12, சனி

வெயில். போன் வரவில்லை. மல்லிகா: "கிளாஸ்ல சோறு துன்னச் சொன்னா எவன் வேல குடுப்பான்?" சாயங்காலம் போன் வந்தது. வேலை உண்டு. திங்கள் முதல். காலை இரண்டு பீரியட் பாடம், அதோடு தினமும் சாப்பாட்டு ஹாலில் அரைமணி வாசிப்பு. "பிள்ளைங்க சண்டை போடாம சாப்பிடுவாங்க" என்று காரணம் சொன்னார்.

நேராக அரண்மனைக் காலத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. சீருடையும் உண்டாம், மெரூன் கோட்டு. மல்லிகா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் என் அளவு எடுத்தாள்.

ஜூலை 14, திங்கள்

மழை. சாப்பாட்டு ஹால், முந்நூறு தட்டு. எனக்கு ஒரு நாற்காலி, காலுக்கு ஒரு ஸ்டூல். மெதுவான மெட்டாக எடுத்தேன். பத்து நிமிடத்தில் பொறுப்பு டீச்சர் வந்தார். "சார், கொஞ்சம் ஸ்பீடா வாசிங்க. கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்குதுங்க, ஒண்ணும் துன்ன மாட்டேங்குதுங்க."

எதிரே பார்த்தேன். நிஜம்தான். வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள் இருந்த பெஞ்சில் பிசைந்த கை பிசைந்தபடி.

டீச்சர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று அந்த மெட்டை முடித்துவிட்டுத்தான் வேகத்துக்கு மாறினேன்.