சமாதானம் சொல்லும் நேரம்

மேய்ன், ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

இந்த வாரம் வீட்டுக்கு வராதே. சாலையெல்லாம் பனி.

இன்று மாலை ஆராதனையின் நடுவில் தேவாலயக் கதவு திறந்தது. பூட்ஸ் சத்தத்திலேயே உன் அப்பா என்று தெரிந்துவிட்டது. சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். "சமாதானம், மார்னி. கோவில்லகூட கை குடுக்க மாட்டியா?"

எனக்குக் கை எழவில்லை.

முன்வரிசைக் கிழவி வெர்னா ஊன்றுகோலோடு குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் குடுப்பா. எத்தனை வருஷமாச்சு ஒன்னப் பாத்து." அவள் விடவே இல்லை. அவளுக்குப் பின்னால் சபையே அவருக்குக் கைகொடுக்க வரிசையில் நின்றது. அதற்குள் குருவானவரின் மனைவி என்னைப் பக்கவாசல் வழியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

அவர் ஒவ்வொருவரிடமும், "எம் பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டாராம். உனக்கு மாதாமாதம் கேக் அனுப்பும் வெர்னா, "ஒனக்குப் பொண்ணு வேற இருக்கா?" என்றாளாம்.

அவருடைய வண்டி இன்னும் எதிரில்தான் நிற்கிறது. விளக்கு அணையவில்லை. நீ கதவைப் பூட்டியே வை.

அம்மா