அம்மாவின் போனும் அமெரிக்காவின் பாதுகாப்பும்

என் அன்பான அப்பாவுக்கு,

கலகெதர வீட்டில் தனியாக இருந்து கீரை ஆய்கிற நம் அம்மாவால் அமெரிக்காவுக்கு என்ன ஆபத்து வரமுடியும்? அரசியல் விஞ்ஞானம் படித்தவள் என்று அம்மா என்னிடம்தான் கேட்கிறார்.

நீங்கள் கண்மூடிய பிறகு அமெரிக்காவில் தம்பி வேலை மாறிவிட்டான். அமெரிக்க இராணுவத்துக்கு ஏதோ செய்துகொடுக்கும் கம்பனி. என்ன என்று சொல்ல மாட்டான். போன வாரம் பேராதனையில் என் அலுவலக நம்பருக்கு எடுத்தான்.

“அக்கா, அம்மாவோட போன் சீனாக்காரன் செஞ்சது. இனி அதுல வீடியோ கோல் எடுக்க ஏலாது. ஒட்டுக்கேப்பாங்களாம்.”

“என்னாத்த கேப்பாங்க? கத்தரிக்கா விலையவா?”

“கம்பனி சட்டம். உங்க போனும் அதே ஜாதிதான்.”

“உன் போன் எங்க செஞ்சது?”

“அது வேற,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அம்மா மற்ற நாட்களைச் சகித்துக்கொள்கிறார். வேறு போன் வாங்கித் தருகிறேன் என்றேன்.

“எங்க அமுக்கணும்னு இதுலதான் எனக்குத் தெரியும். பெத்த மகன பாக்க எந்த நாட்டுக்காரன்கிட்ட உத்தரவு வாங்கணும்?” என்று போனை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் நீங்கள் ரஷ்யாக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் எழுதிப்போட்டு, இலவச சஞ்சிகைகளை வரவழைத்து, எங்கள் கொப்பிகளுக்கு உறை போட்டீர்கள். கணக்குக் கொப்பிக்கு ஒருவன், சமயக் கொப்பிக்கு மற்றவன். ஒருவரும் உங்களைத் தேடி வரவில்லை. இப்போது என்றால் வருவார்களோ?

கடைசியில், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நிசாம் நானாவின் பழைய லேன்லைன் நம்பரைத் தம்பிக்குக் கொடுத்தேன். அந்தப் போனுக்கு எந்த வல்லரசும் பயப்படாது. நாளை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இதுவரை சனிக்கிழமை எழுதியது. இனி ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

தம்பி எடுத்தான். அவன் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. அமெரிக்கா தூரம் என்பதால் அம்மா கத்திப் பேசினார்.

“பக்கத்துல யாரும் இருக்காங்களாம்மா?”

“ஒருத்தரும் இல்லடா. நானா இருக்காரு, பருப்பு வாங்க வந்தவங்க ரெண்டு பேரு, மீன்காரரு. நீ பேசு. அந்த ராணுவ வேலையிலதானே இருக்க?”

நிசாம் நானா தராசைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“கம்பியூட்டர் வேலம்மா,” என்றான் தம்பி மெதுவாக.

“கம்பியூட்டர் வேலையாம்,” என்று அம்மா கடைக்கு அறிவித்தார்.

“அப்ப இரகசிய வேலதான்,” என்றார் மீன்காரர்.

அம்மா தலைவாரி, கல்யாண வீட்டுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டியிருந்தார். திரும்பி நடக்கும்போது கேட்டேன்: “கொரல் மட்டும் போற போனுக்கு எதுக்கும்மா நல்ல சேல?”

“அவன் கொரல் கேட்டா எனக்கு மொகம் தெரியுது. என் கொரல் கேட்டா அவனுக்குத் தெரியாதா?”

அவன் கம்பனி மனம் மாறும்வரை ஞாயிறுதோறும் அந்தச் சேலையை அயர்ன் பண்ணிக் கொடுத்து, அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போவேன், அப்பா.

உங்கள் மூத்த மகள்