தயாளன் திருந்த மாட்டான்

ஜூலை 14, திங்கள்

மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி.

அப்பாவுக்கு ரூட் மாற்றிவிட்டார்கள். இவ்வளவு நாள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டினார். இன்றிலிருந்து எங்கள் தெரு வழியாகப் போகிற ஒரகடம் பஸ். அதாவது மாடி ரூம் செல்வி அக்கா போகிற பஸ். அதாவது நான் செத்தேன்.

செல்வி அக்காவோடு ரூமில் நாலு பேர். எல்லோரும் தென்காசிப் பக்கம். கம்பெனி கேட்டில் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பஸ்ஸில் போகும்போதுதான் கதை. குலுங்குகிற பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறதாம். நான் எழுதுகிற கதையை நானே வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறேன். அம்மா ஃபோனில், எல்லோரும் தூங்கிய பிறகு. என் கதை என்று அந்த ரூமுக்கு மட்டும் தெரியும்.

அப்பா சாப்பிடும்போது: "பஸ்ல இன்னாமோ கதை வெச்சி கேக்குதுங்க. ஒருத்தன் ஊரை மெரட்டி நிலத்தப் புடுங்குறான். பத்திரம் டைப் அடிக்கிற பொண்ணு அவன் மேலயே உருகிக்கினு கீது. ரெண்டு பேரையும் கட்டி வெச்சி ஒதைக்கணும்."

என் தயாளன். என் யாழினி.

அம்மா: "அப்புறம் இன்னா ஆச்சாம்?"

"எனக்கு இன்னா தெரியும்? அதுக்குள்ள கம்பெனி வந்துடுச்சி." அதில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி பட்டது.

குரல் தெரியவில்லை போல. பஸ் சத்தம் காப்பாற்றியது.

ஜூலை 15, செவ்வாய்

சளி. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஸ்கூல் பஸ் நகரவே இல்லை. முதல் பீரியட் போச்சு. நல்லது.

மாடியில் துணி எடுக்கும்போது செல்வி அக்காவிடம் சொன்னேன், நிறுத்திவிடுகிறேன் என்று.

"ஏட்டி, கொன்னு போடுவேன். அவன் அப்பங்கிட்டயும் எவனோ இப்படித்தான் நிலத்தப் புடுங்கியிருக்கான்னு யாழினிக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. இங்க கொண்டாந்து நிறுத்துவியாக்கும்?"

"அப்பா கண்டுபிடிச்சுடுவாருக்கா."

"ஒங்கப்பாவா? சவுண்ட கொறச்சா கண்ணாடியில மொறைக்காரு."

அதே ரூம் இசக்கி அக்காவுக்கு தயாளன் திருந்தி, கோயிலில் வைத்துத் தாலி கட்டவேண்டும். செல்வி அக்கா விடவில்லை. "திருந்திட்டா அவன்கிட்ட என்ன இருக்கு? எங்க லைன் சூப்பர்வைசர்கூட நல்லவன்தான். அவன் கதைய எவ கேப்பா?"

திருந்த மாட்டான். முடிவு செய்துவிட்டேன்.

தயாளன் செய்தவை: கைநாட்டு மிரட்டி வாங்கியது. பம்ப்செட் கொட்டகைக்குத் தீ வைத்தது, உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும். காரணம் உண்டு. காரணம் இருப்பதால் சரி என்று ஆகாது. யாழினிக்கு இரண்டும் தெரியும். அவனைப் பார்த்து "உனக்குள் நல்லவன் இருக்கிறான்" என்று உளறாத ஒரே ஆள் அவள்தான்.

பதிவு செய்தேன். நடுவில் இரண்டு தும்மல். மறுபடி பேசப் பயம், அம்மா புரண்டு படுத்தாள். அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

மாட்டிக்கொண்டேன்.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எம்பொண்ணு தும்மல் எனக்குத் தெரியாதா?"

என்னை அடிக்கவில்லை. டம்ளரைச் சுவரில் அடித்தார். என் காலடியில் வந்து விழுந்தது.

"பொண்ணுங்க ஏன் ரவுடிப்பசங்க பின்னாடி போதுங்கன்னு இப்பத்தான் புரியுது. கேட்டுக்கோ. அவ அவன வுட்டுட்டுப் போவணும். இல்ல அவன் சாவணும். வெள்ளிக்கிழமை பஸ்ல அதான் வரணும். இல்ல, ஃபோனும் கெடையாது, ஸ்கூலும் கெடையாது. வூட்ல கெட."

சொன்னால் செய்வார். பெரியம்மா மகளைப் பத்தாவதோடு நிறுத்தச் சொன்னதே இவர்தான்.

அம்மா டம்ளரைப் பொறுக்கி எடுத்து, தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "டபுள் டியூட்டி பாக்குறாரு. ரோட்ல ஆயிரம் டென்ஷன். அவரு மனசு எனக்குத் தெரியும்டி."

பொங்கலுக்குத் தட்டு பறந்தபோதும் இதேதான். பீரோ கண்ணாடி உடைந்தபோதும். நல்ல பொம்பள, புருஷனைப் புரிஞ்சவ என்று தெருவே சொல்கிறது.

ஆக, வீட்டில் புரிந்துகொண்டால் நல்லவள். கதையில் புரிந்துகொண்டால் கெட்டுப்போனவள். இதை யாரிடம் கேட்பது? இங்கேதான் எழுதமுடியும்.

யாழினி யாருடைய டம்ளரையும் பொறுக்கமாட்டாள். அதை யாரும் கவனிக்கவே இல்லை.

ஜூலை 17, வியாழன்

வெயில். மேத்ஸ் டெஸ்ட், இரண்டு கணக்கு விட்டுவிட்டேன். பின் பக்கத்தில் யாழினி பெட்டி கட்டுகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் அது அப்பா எழுதியது. கிழித்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா: "எழுதினியா?"

"இன்னும் இல்லப்பா."

"அவ போறாதானே?"

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "ஏன் போவணும்ன்றீங்க?"

"இன்னா கேள்வி இது? அந்த மாதிரி ஆளோட எந்தப் பொண்ணு இருப்பா?"

அம்மா நிமிர்ந்தாள். அப்பாவையே பார்த்தாள். கத்தி கையிலேயே இருந்தது, நறுக்கவில்லை.

அப்பா டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. பஸ் டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அம்மா ஃபோனை என் பக்கம் தள்ளினாள். "சார்ஜ் ஃபுல்லா கீது."

"அவ இருக்கணுமா, போகணுமாம்மா?"

"என்னக் கேக்காத. உன் கதை." மறுபடி பீன்ஸ்.

இப்போதுதான் பேசி முடித்தேன். யாழினி போகவில்லை. தயாளன் சாகவில்லை, திருந்தவும் இல்லை. அவனை எதிரே உட்காரவைத்து, யார் யாரிடம் நிலம் பிடுங்கினானோ அத்தனை பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அவன் எழுந்துபோகப் பார்க்கிறான். "உட்காரு. நான் உன்னைப் புரிந்துகொண்டவள். அதனால்தான் சொல்கிறேன், உட்காரு" என்கிறாள். உட்காருகிறான்.

நாளை அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட். பக்கத்து அறையில் குறட்டை இல்லை. விழித்துத்தான் இருக்கிறார்.

அனுப்பிவிட்டேன்.