பூட்டுக்காரன் வயித்துல சாவித்துளை

அன்பான பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க உங்கம்மா முழு நலம், நான் முக்கால் நலம், அங்க நீயும் மாப்பிள்ளையும் ஒண்ணேகால் நலமா இருந்தா மொத்தத்துல சரியாயிடும். கட்டிக்குக் கரண்டு வெச்சு, அதான் கதிர்வீச்சு வைத்தியம், முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு, இன்னும் மத்தியானம் ஆனா கடையிலயே கண்ணு சொக்குது. முன்னாடி பூட்டும் அரமும் கிடக்க, நாற்காலியில சாஞ்சா எங்கேயோ மிதக்கற மாதிரி இருக்கு. நேத்து எனக்குள்ளேயே நான் நடந்து போறேன் பாப்பா, இளஞ்சிவப்பு வெளிச்சம், நீள வராண்டா, ரெண்டு பக்கமும் கதவு, பயமே இல்ல. கடைசிக் கதவுகிட்ட யாரோ குந்திக்கிட்டு சாவித்துளை வழியா உள்ள பாக்கறாங்க. யாருங்கன்னு கேட்டா நம்ம சர்ஜன் அம்மா திரும்பி, சத்தம் போடாதீங்க, வேலையில இருக்கேன்னு சொல்றாங்க.

அந்த அம்மாகிட்ட திங்கக்கிழமை மானம் போன கதையையும் கேளு. மலக்குடல்ல இருக்கற புத்துக்கட்டியை சாவித்துளை ஆபரேஷன்ல எடுக்கறதா, வயித்தைத் திறந்து எடுக்கறதான்னு பேச்சு வந்துச்சு. முப்பது வருஷப் பூட்டுக்காரன்ங்கற திமிர்ல நான், அதான் கீழ ஏற்கனவே ஒரு துளை இருக்கே, அது வழியாத்தானேன்னு கேட்டுட்டேன். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, உங்கம்மா கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டா. சர்ஜன் அம்மா சிரிச்சு முடிச்சு, வயித்துல நாலஞ்சு சின்னத் துளை, ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவின்னு படம் போட்டுக் காட்டினாங்க. நீ போன்ல துளைதான்ப்பான்னு ஒத்தக்கால்ல நின்னியே, அதையும் கேட்டேன். துளைன்னா வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், தழும்பும் சின்னது. ஆனா என் கட்டி ரொம்பக் கீழ, இடுப்பெலும்புக்கு நடுவுல, அந்த இடம் ஆம்பளைக்குக் குறுகலாம். கட்டியைச் சுத்தியிருக்கற சதையோட சேத்துக் கிழியாம முழுசா எடுக்கறதுதான் முக்கியம், கை தேர்ந்தவங்க செஞ்சா நோய் திரும்பற பயம் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்னாங்க. துளையில ஆரம்பிப்பாங்களாம், சரியா எட்டலன்னா திறந்துடுவாங்களாம், அதுக்கும் சேத்துக் கையெழுத்து போட்டுட்டேன். நானும் அதைத்தானே செய்யறேன், கம்பியை விட்டுப் பாப்பேன், பூட்டு அடம் பிடிச்சா அதையே கழட்டிடுவேன், கம்பிதான் கௌரவம்னு நின்னா கதவு கெட்டுப்போகும். அதனால திறந்துட்டாங்கன்னு சேதி வந்தா ஐயோன்னு நீ அழக்கூடாது.

எனக்குத் துளையும் பயமில்ல, கத்தியும் பயமில்ல. எந்த வழியில செஞ்சாலும் மலம் போக வயித்துல ஒரு வாய் வெச்சு, கொஞ்ச மாசம் அதுல பை தொங்குமாம், அதுதான் பயம். அப்புறம் அந்த வாயை மூடிடலாம்னுதான் பாக்கறாங்க, சத்தியம் பண்ணல. உங்கம்மாகிட்ட இதைப் பேச எனக்கு நாக்கு எழல. முந்தாநாள் பாக்கறேன், அவளா என் சட்டையெல்லாம் ஓரம் பிரிச்சு ரெண்டு விரல் அகலம் விட்டுத் தெச்சு வெச்சிருக்கா. ஏன்னு கேட்டா உங்களுக்குத் தொப்பை போட்டுடுச்சுங்கறா. எட்டு கிலோ இறங்கியிருக்கேன், எனக்கு எங்கடி தொப்பைன்னு கேட்க நெனச்சேன், கேட்காம அதுல ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டுக் கடைக்குக் கிளம்பிட்டேன்.

பதினாலாம் தேதி காலையில ஆபரேஷன். வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதட்டாதே, ரெண்டு பேரும் எங்களைவிட நூறு மடங்கு நல்லா இருக்கணும். இதை எழுதறப்பவும் கண்ணு சொக்குது, அதே வராண்டா வருது, இந்தத் தடவை வாசப்பக்கம் சாவி திரும்பற சத்தம் கேக்குது. போன்ல நீ வரவேண்டாம், லீவை வீணாக்காதேன்னு கறாரா சொன்னேன் இல்ல, உங்கம்மா பக்கத்துல நின்னா எனக்கு அப்படித்தான் பேச வரும். வாசக்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கேன். கவர்ல பேப்பர் சுத்தி வெச்சிருக்கறது அதோட சாவி, உனக்குன்னு நானே அரம் போட்டேன். நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருப்போம், கதவைத் திறக்க ஆள் இருக்காது. புதுசு, கொஞ்சம் இறுகும். லேசா மேல தூக்கித் திருப்பு, மறந்துடாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா