யார்டு அனுமதியும் எங்கள் வீட்டுத் தூக்கமும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று யார்டுக்கு ஓர் அம்மா வந்தார். கையில் கேமரா. ஏதோ தண்ணீர்த் தொட்டி வாங்க வந்தவர் என்று நினைத்து, "ஆயிரம் லிட்டர் வேணுமா மேடம், ஐந்நூறே போதுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நகரமைப்பு அலுவலகத்து அதிகாரியாம். "இதையெல்லாம் வெளியில அடுக்க உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தாங்க?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுமதியா? கடைக்குப் பின்னால் இருக்கிற இடம் கடையுடையதுதானே! தொட்டி, குழாய், வேலிக் கம்பி, உர மூட்டை, தோட்டத்து நாற்காலி என்று உள்ளே வைக்க முடியாத பெரிய சாமானெல்லாம் இங்கேதான் கிடக்கிறது. நான் யார்டு சூப்பர்வைசர் ஆவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஆனால் அரசாங்கக் கணக்கில் அது வண்டி நிறுத்துமிடம் மட்டுமாம். திறந்தவெளியில் சரக்கு வைக்கத் தனி அனுமதி வேண்டுமாம். அதற்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்களாம்.

மேனேஜர் மாலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "அனுமதி கிடைக்கலன்னா யார்டை மூடிடுவேன். எட்டு பேருக்கும் உள்ள இடம் கிடையாது. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

எட்டுப் பேரில் நானும் ஒருத்தி.

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன், வாசற்படியில் வைத்து. ராத்திரி முழுக்கப் பால் வண்டி ஓட்டிவிட்டு அவர் உள்ளே வருகிற நேரம்தான் நான் வெளியே கிளம்புகிற நேரம். எங்கள் குடித்தனமே அந்தப் படியில்தான் நடக்கிறது. "யார்டை மூடிட்டா நான் என்னங்க பண்றது?" என்றேன். என் யார்டு ஹெல்மெட்டின் வாரை இறுக்கிவிட்டார். கண் இரண்டும் கோவைப்பழம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

மார்ச் 8, சனி

மூன்று மணிக்கு வீடு திரும்பினால் அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு காதிலும் பஞ்சு. காது வலி போல. வந்த சூட்டோடு திரும்பி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்து காதில் விட்டேன். சமர்த்தாகப் படுத்துக் காட்டினார். பால் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. "உரசிடுச்சு" என்றார். ஒருத்தனுக்கும் ஒழுங்காக வண்டி ஓட்டத் தெரியவில்லை இந்த ஊரில்.

மார்ச் 12, புதன்

மஞ்சள் நிறத்தில் பெரிய அறிவிப்புப் பலகை வந்தது. "இவ்விடத்தில் திறந்தவெளியில் சரக்கு வைக்க அனுமதி கோரப்பட்டுள்ளது. ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வரலாம்." தேதி, இடம் எல்லாம் கொட்டை எழுத்தில். பின் தெருவைப் பார்த்த கம்பி கேட்டில் நானே நின்று கட்டச் சொன்னேன். எங்கள் வீடும் அந்தத் தெருவில்தான். தினமும் நான் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். நல்லது, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மார்ச் 18

தொட்டி ஒரு லாரி நிறைய வந்து இறங்கிவிட்டது. எங்கே வைப்பது? தலை சுற்றுகிறது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற தம்பி (ஊரே அவனை 'ஹாரன்' என்றுதான் கூப்பிடும், வாயும் அப்படி, வண்டியும் அப்படி) "கேட் ஓரமா ஏத்திடவா அக்கா?" என்றான். கேட்டுக்கு வெளியே கொஞ்சம் இடம் இருந்தது. ஏத்து என்றேன்.

மார்ச் 27, வியாழன்

அவமானம். அவமானம். அவமானம்.

இன்று கூட்டம். காலையில் அதிகாரியம்மா வந்து, "பலகை எங்கே?" என்றார். "கேட்டில் இருக்கிறதே மேடம்" என்று பந்தாவாக நடந்து போய்க் காட்டினேன். கேட் எங்கே? கறுப்புத் தொட்டிதான் மதில் மாதிரி நிற்கிறது. ஹாரன் ஒரு தொட்டியை நகர்த்தினான். உள்ளிருந்து மஞ்சள் பலகை எட்டிப் பார்த்தது.

திறந்தவெளியில் சரக்கு வைக்க அனுமதி கேட்கிற பலகையைத் திறந்தவெளியில் வைத்த சரக்காலேயே மறைத்த மகராசி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்றரை வாரமாக அந்தப் பக்கமாகத்தான் வந்து போகிறேன். பலகை கண்ணில் படவில்லையே என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை! கூட்டம் ரத்து. எல்லாம் முதலிலிருந்து.

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "அடுத்த தடவை பின் தெருவுலேர்ந்து நாலு பேராவது வந்து நமக்கு ஆதரவாப் பேசணும். நீங்க அங்கதானே இருக்கீங்க?" என்றார்.

"என் வீட்டுக்காரரே வருவார் சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவருக்குப் பாடம் நடத்துகிறேன். இரண்டே வரி. 'நான் பின் தெருவில் குடியிருக்கிறேன். யார்டால் எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.' முதல் வரி தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவது வரி வந்ததும் இருமுகிறார், தண்ணீர் கேட்கிறார், மகளின் பென்சிலைச் சீவுகிறார். கூச்சம். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. போதாக்குறைக்குப் பொய் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனுஷன். மகளின் ஆசிரியை கேட்டதும், "ஆமா டீச்சர், வீட்டுப்பாடத்தை நான்தான் போட்டேன்" என்று சொன்னவர். ஆனால் இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 24, வியாழன்

இன்று மறுகூட்டம் நடந்தது. எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

சின்னக் கூடம், மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி. முன் வரிசையில் மேனேஜர். எங்கள் எட்டுப் பேரும் சீருடையில். என் வீட்டுக்காரர் எழுந்தார். "நான் பின் தெருவுல குடியிருக்கேன்" என்றார். மணி மாதிரி இருந்தது குரல். அப்புறம் நின்றுவிட்டார். நான் வாயசைத்துக் காட்டினேன்: யார்டால்... யார்டால்... அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரியம்மா உதவி செய்கிறேன் என்று, "நிதானமாச் சொல்லுங்க. காலையில யார்டு சத்தம் உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"தூங்க முடியலைங்க மேடம்" என்றார். "நான் ராத்திரி பால் வண்டி ஓட்டுறேன். காலையில வந்து படுத்தா அந்த ஃபோர்க்லிஃப்ட் பின்னால வர்ற பீப் பீப் சத்தம். படுத்துத்தான் இருப்பேன், தூக்கம் வராது. போன மாசம் ஸ்டியரிங்கப் பிடிச்சபடியே கண்ணு மூடிடுச்சு. லைட் கம்பத்துல உரசி நின்னுது வண்டி. ஒரு சாண் தள்ளியிருந்தா..." பிறகு, "ஆனா அனுமதி குடுத்துடுங்க மேடம். எட்டு பேரு பிழைப்பு. என் வீட்டுக்காரியும் அதுல இருக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிச்சு. கம்பமா? கண்ணாடி உடைஞ்சது கம்பத்துலயா? நான் எதுல உரசுச்சுன்னு கேக்கவே இல்லையே. அந்தப் பஞ்சு? ஐயோ, அந்தப் பஞ்சு! வலியே இல்லாத காதுக்கு மருந்து ஊத்தியிருக்கேன் நான். அந்த மனுஷன் அதையும் வாங்கிக்கிட்டுப் படுத்திருந்தாரு.

முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். இடத்தை நேரில் வந்து பார்ப்பார்களாம். மேனேஜர் என் பக்கத்தில் வந்து, "ஒரு வாரம் வீட்ல இருங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு நல்ல வார்த்தை வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 25, வெள்ளி

சண்டை. பாத்திரம் உருண்டது. நான்தான் உருட்டினேன்.

"ஊரைக் கூட்டி வச்சுத்தான் சொல்லணுமா? என்கிட்ட சொன்னா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "பில் கவுண்டர்ல இருந்த காலத்துல நீ வீட்டுக்கு வந்தா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. யார்டுக்குப் போனப்புறம்தான் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வர்ற. அதுல போய் நான் எப்படிக் கைய வைக்கிறது? அங்க பொய் சொல்லிடலாம்னுதான் வந்தேன். வரலையே."

நான் பாட்டு முணுமுணுக்கிறேனா?

நடுவில் மகள் வேறு. "அப்பா பகல்ல சாமான் அறையிலதானே படுப்பாரு. பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல மெத்தையப் போட்டு. அங்கதான் சத்தம் கம்மியாம். நான் ஸ்கூல் போறப்ப தினமும் பாப்பேனே. உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியாது. என் வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யார்டில் எந்தக் குழாய் எந்த மூலையில் கிடக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று காலை அவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கட்டிலில் அவர் இடத்தில் நான் படுத்துப் பார்த்தேன்.

யார்டில் நிற்கும்போது அந்த பீப் பீப் என் காதில் விழுவதே இல்லை. பழகிவிட்டது. இங்கே, தலையணையில், அது மண்டைக்குள் வந்து ஆணி அடிக்கிறது. நின்றுவிடும், அப்பாடா என்று கண்ணை மூடினால் மறுபடி தொடங்கும். தொடங்கிய சத்தம் தேவலை. இதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டு படுத்திருப்பதுதான் கொடுமை. நடுநடுவே லாரிக் கதவு 'தடால்'. ஹாரனின் பாட்டு. இது எல்லாவற்றையும் தினமும் கையைக் காட்டி, "வா வா வா, பின்னால வா" என்று நடத்தி வைத்தது நான்.

தாங்காமல் எழுந்து வந்தேன். கூடத்தில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 8, வியாழன்

மறுபடி அதே கூடம், அதே மின்விசிறி. வேறு யாராவது பேச வேண்டுமா என்று அதிகாரியம்மா கேட்டார். என் கால் தானாக எழுந்துவிட்டது.

"நான் யார்டு சூப்பர்வைசர். அந்தச் சத்தம் உண்மைதான் மேடம், நானும் படுத்துப் பாத்தேன். யார்டு வேணும். ஆனா காலையில சரக்கு இறக்கக் கூடாது. மதியம் இறக்கினாலும் தொட்டி தொட்டிதான்."

சிலர் சிரித்தார்கள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மதியத்தில் இறக்கினால் வாடிக்கையாளர்களின் வண்டிக்கு இடைஞ்சல், லாரிக்காரன் கூடுதலாகக் கேட்பான், எனக்கும் தெரியும். ஹாரன் மட்டும் பின்னாலிருந்து, "எனக்கும் காலையில தூக்கம் வருது மேடம்" என்று ஒத்து ஊதினான்.

மே 20, செவ்வாய்

அனுமதி கிடைத்துவிட்டது! நிபந்தனைகளோடு. பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னால் லாரியும் ஃபோர்க்லிஃப்டும் ஓடக்கூடாது. பின்சுவரை ஒட்டி எதையும் அடுக்கக்கூடாது. கேட்டை எதுவும் மறைக்கக்கூடாது. அந்தக் கடைசி வரி எனக்காகவே எழுதியது.

எட்டுப் பேருக்கும் வேலை உண்டு. ஹாரன் என்னைத் தூக்காத குறை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யார்டை இனிமே அந்தப் பையன் பாத்துக்கட்டும். நீங்க பில் கவுண்டருக்கு வந்துடுங்க. பத்து மணிக்கு வந்தாப் போதும்."

பையனாம். எனக்கு அடுத்து யார்டில் சீனியரே ஹாரன்தான்.

எதிர்பார்க்கவே இல்லை. வேலை போகும் என்று பயந்தேன், போகவில்லை என்று குதித்தேன், கடைசியில் போனது யார்டு மட்டும். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன். பொய் எதற்கு? வயிறு எரிகிறது.

மே 29

பீப். நாற்காலி. பீப். குழாய். பில் போடுகிற மெஷினும் பீப் என்றுதான் கத்துகிறது. இத்தனை வருஷம் இதையும் நான் கவனித்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. காலை ஒன்பது மணி இருக்கும். துணி அலசிக்கொண்டிருந்தேன். திடீரென்று 'கர்ர்ர்' என்று பின்பக்கத்திலிருந்து சத்தம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஹாரன்! சூப்பர்வைசர் ஆன திமிர், அதற்குள் வண்டியை எடுத்துவிட்டானா? ஈரக் கையோடு ஓடி, கடையின் பின்சுவரோரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன்.

யார்டில் ஈ காக்கை இல்லை. ஃபோர்க்லிஃப்ட் தார்ப்பாய் போர்த்தி நின்றது. பின்னே சத்தம்?

திரும்பி வந்தேன். சத்தம் எங்கள் படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கட்டிலில், ஜன்னல் பக்கம், வாயைத் திறந்துபோட்டுக்கொண்டு, காதில் பஞ்சு இல்லாமல், அவர்.

குறட்டை!

கல்யாணமான புதிதில் இந்தக் குறட்டைக்காக அவரைக் காலால் உதைத்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது எப்போது நின்றது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. நின்றதே எனக்குத் தெரியாது. அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் பாடப் புத்தகத்தோடு வந்து முகத்தைச் சுளித்தாள். "அம்மா, அப்பாவைக் கொஞ்சம் புரண்டு படுக்கச் சொல்லவா? ஒரே சத்தம், படிக்கவே முடியல."

"கிட்டப் போய்ப் பாரு, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.