தெருவிளக்குகள் அணைவதற்குள்

சித்தி,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒன்றையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். கூச்சமாக இருக்கிறதென்று எதையும் விடவும் மாட்டேன். பொழிச்சலூரில் உன் வீட்டில், உன் காரியத்தன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், நீ எப்படி இறந்தாய் என்பதற்கு அவர்களாகவே ஒரு கதை சொல்லி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் நடுவில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

நாளை எனக்கு பி.டி. வகுப்பு. வெள்ளை கான்வாஸ் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பழைய பிரஷ்ஷால் வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். ஈர வெள்ளையும் ரப்பரும் கலந்த வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. "புதுசா வெள்ளையடிச்ச ரூம் மாதிரி இருக்குடி" என்று நீ ஷூவை மூக்கருகே கொண்டுபோவாயே, அந்த வாசனை. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "லேஸைக் கழட்டிட்டுப் பூசேன். எப்படிக் கறுத்துக் கிடக்கு பாரு" என்றாள். நான் கழற்றவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

கோடை விடுமுறை தொடங்கியபோது எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு நீ வந்தாய். பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாய் என்று சித்தப்பா சொன்னார். எல்லாம் ஒரு மாத்திரையால் வந்தது. உனக்குப் பிறந்த குழந்தை பிறந்த அன்றே போய்விட்ட பிறகு, தூங்குவதற்காக யாரோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மஞ்சள் மாத்திரை அது. டாக்டர் எழுதியது கொஞ்ச நாளைக்குத்தான். மருந்துக் கடைக்காரர் வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் நீயாகவே அதை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தாய். வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தாய். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சடார்னு நிறுத்தக் கூடாதும்மா. உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். காலையில நடங்க. மூச்சு வாங்கற அளவுக்கு வேணாம், பேசிக்கிட்டே நடக்கற மாதிரி." அதன் பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அம்மா எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, பிளேடால் மாத்திரையை நறுக்குவாள். நீ அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாய்.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்த வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. நீ கோபப்படவில்லை. "எனக்கு அழணும்டி. குழந்தைக்காக நான் இன்னும் அழவே இல்லை. இந்த மாத்திரை அழ விடமாட்டேங்குது. உள்ளே பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்றாய். அழுகை வருவதற்காக ஒருவர் மருந்தை விடுவார் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் நடை அப்படித்தான் தொடங்கியது. உனக்கு வாங்கிய செருப்பில் கால் நிற்கவில்லை. உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது என்றாய். என் கான்வாஸ் ஷூ உனக்குச் சரியாக இருந்தது. கை நடுக்கத்தில் லேஸ் கட்ட வராது. நான் குனிந்து கட்டுவேன். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ! முதல் நாள் நீ புடவையை எவ்வளவு இறக்கிக் கட்டினாய்!

தெருவில் ஒரு பெண் சும்மா நடந்தால் விடுவார்களா? அதற்காக அம்மா நம் கையில் பால் கூடையைக் கொடுத்து அனுப்பினாள். இருட்டோடு கிளம்புவோம். ஒரு தெருவிளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை, அங்கே கொஞ்சம் நிற்பது, முடிந்தால் இன்னொன்று. ஜெபத்துக்குக் கிளம்பிய எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி இரண்டாம் நாளே பிடித்துவிட்டார்.

"பால் பூத் அந்தப் பக்கம்ல இருக்கு? நீங்க இப்படிப் போறீங்க?"

"இந்தப் பக்கம் க்யூ கம்மி ஆன்ட்டி" என்று நான் உளறினேன். நீ வந்த சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாய். நீ வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

சைக்கிளில் வந்து தெருவிளக்குகளை அணைக்கிறவரை ஏமாற்ற முடியவில்லை. தெருக்கோடியில் கடைசிக் கம்பத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தள்ளினால் தெரு முழுவதும் அணைந்துவிடும். அவர் நம்மைப் பார்த்து பெல் அடிப்பார். "இன்னாக்கா, காலிக் கூடைய தூக்கினு தெனம் ஊர்வலமா? நான் வெளக்க அணைக்கறதுக்குள்ள அந்தக் கடைசிக் கம்பத்தத் தொட்டுட்டா உனுக்கு ஒரு டீ, என் கணக்குல."

"டீ வேணாம். பன் பட்டர் வாங்கித் தரணும்" என்றாய் நீ.

"தோடா! வாயப் பாரு இதுக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எல்லா நாளும் இப்படி இருக்கவில்லை. வியர்வையில் ரவிக்கை நனைந்து, முதல் கம்பத்திலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ நின்ற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்வேன், நீ பின்னாலேயே சொல்வாய்.

ஆடி மாதத்தில் ஒருநாள் உனக்கு உடம்பு திடீரென்று லேசாகிவிட்டது. "ஸ்டேஷன் வரைக்கும் போலாம்டி" என்றாய். ரயில் நிலைய மேம்பாலப் படிகளைப் பார்த்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "யாரு முதல்ல?" என்று ஓடினாய். நான் தோற்றுவிட்டேன். மேலே நின்று நாம் மின்சார ரயில் புறப்படுவதைப் பார்த்தோம். உன் முகம் சிவந்திருந்தது. குணமாகிவிட்டாய் என்று இருவருமே நம்பினோம்.

அன்று மாலையே நடுக்கம் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுவதும் தூக்கம் இல்லை. சமையலறையில் தட்டு விழுந்தாலும் அலறினாய். சித்தப்பா வந்தார்.

"ஏன்க்கா, இவளை என்ன ஒலிம்பிக்ஸுக்கா அனுப்பப் போறீங்க? போதும் இந்தக் கூத்து. முழு மாத்திரையைப் போடட்டும். நிம்மதியாவாவது இருப்பா."

அவர் கெட்டவர் இல்லை, சித்தி. அம்மா உன்னையே பார்த்தாள். மாத்திரை டப்பா மேசைமேல் இருந்தது. நீ அதை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு என்னிடம், "ஷூவை எடு. முதல் கம்பம் வரைக்கும் மட்டும்" என்றாய்.

டாக்டரம்மா அவசரப்பட்டதற்காக உன்னைத் திட்டினார். மாத்திரையைக் குறைப்பதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தார். நடையையும் குறைத்தார். நாம் மறுபடி முதல் கம்பத்திலிருந்து தொடங்கினோம்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன், மாத்திரை இல்லாத ராத்திரிகளுக்கு நீ வந்து சேர்ந்திருந்தாய். அந்தக் காலையில் லேஸ் கட்ட நான் குனிந்தபோது, "தள்ளு" என்றாய். நீயே கட்டினாய். அவிழக் கூடாதென்று இரட்டை முடிச்சு போட்டாய். கடைசிக் கம்பம் வரை நிற்காமல் நடந்தோம். கம்பத்தைத் தொட்டாய். தொட்ட கையை எடுக்காமலே அழத் தொடங்கினாய். சத்தமாக, வாயைப் பொத்தாமல். "அவளுக்கு நிறைய முடி இருந்துதுடி" என்றாய். உனக்குப் பிறந்தது பெண் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பால் வாங்கப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி பக்கத்தில் வரவே பார்த்தார். அப்போது சைக்கிள் வந்து நின்றது. விளக்கு அணைக்கிறவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் நன்றாக இருட்டாகத்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தள்ளிவிட்டார். உன் முகம் யாருக்கும் தெரியவில்லை. விடியும்வரை நீ அழுதாய். கூடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

நீ அழுததைக் கேள்விப்பட்டு, நோய் திரும்பிவிட்டது என்று பொழிச்சலூரில் பயந்தார்கள். அதுதான் நீ குணமானது என்று எனக்குத் தெரியும்.

பிறகு நீ உன் வீட்டுக்குப் போனாய். மழையில் குடிதண்ணீர் கெட்டு உங்கள் தெருவில் பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. உனக்கும் வந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்பா காதால் கேட்டார். ஆனால் காரியத்தன்று சித்தப்பாவின் அம்மா, "மாத்திரையை நிறுத்தி, காலங்காத்தால ரோட்டுல ஓடவிட்டு, இருந்த உசிரையும் வாங்கிட்டாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். அம்மா என் கையை இழுத்து உட்கார வைத்தாள். அவள் அன்று அழவே இல்லை.

இதுவரை நேற்று மாலை எழுதியது. மீதியை இப்போது, பள்ளிக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன்.

உன் முடிச்சை அவிழ்க்க மனம் வராமல்தான் லேஸைக் கழற்றவில்லை. இத்தனை நாளும் அவிழ்க்காமலே காலை நுழைத்துக்கொள்கிறேன். அதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று இருட்டிலேயே என்னை எழுப்பினாள். "வா, நடந்துட்டு வரலாம்" என்றாள். கையில் கூடை எடுக்கவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி வாசலில் நின்றுகொண்டு, "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். "சும்மா நடக்கறோம்" என்றாள் அம்மா.

தை மாதப் பனியில் கம்பங்களின் வெளிச்சம் கீழே வந்து சேரவில்லை. ஒவ்வொரு கம்பத்திலும் நின்றோம். நீ எங்கே இருமினாய், எங்கே வாய்ப்பாடு சொன்னாய் என்று அம்மாவுக்குக் காட்டினேன். கடைசிக் கம்பத்தில் அவர் பெட்டியருகே நின்றிருந்தார்.

"இன்னா பாப்பா, எவ்ளோ நாளாச்சு! அக்கா எங்க? பன் பட்டர் பாக்கி கீதே."

அம்மாதான் சொன்னாள். நீ கை வைத்த அதே இடத்தில் கை வைத்துக்கொண்டு அம்மா அழுதாள், சித்தி. நானும் அழுதேன். பால் பூத் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் பெட்டியைத் திறந்தார்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. விளக்குகளை அணைத்துவிட்டார்.